கீழ் வீட்டுக்குக் கேட்காமல் பேஸ் வாசிக்கலாமா? வீட்டுக்கு ஒரு சின்ன ஆம்ப் வாங்கும் கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறோம். பேச்சுநடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

போன எபிசோடில் முதல் பேஸ் கிடார் வாங்குவது பற்றிப் பேசினோம். அதற்குப் பிறகு வந்த மெசேஜ்களில் நிறைய பேர் கேட்டது ஒரே கேள்விதான். "கிடார் வாங்கியாச்சு ப்ரோ. வீட்ல பிராக்டிஸ் பண்ண எத்தனை வாட் ஆம்ப் வாங்கணும்?"

எத்தனை வாட்! எல்லாரும் அங்கேதான் ஆரம்பிக்கிறோம். பெட்டி மேல் பெருசா எழுதியிருக்கிற நம்பர் அதுதான், கடைக்காரரும் அதைத்தான் முதலில் சொல்வார். ஆனால் வீட்டில் வாசிக்கிறவர் கடைசியாகப் பார்க்க வேண்டிய நம்பர் அது. ஏன்னா, உங்கள் வீட்டில் எவ்வளவு சத்தம் வைக்கலாம் என்பதை ஆம்ப் முடிவு பண்ணுவதில்லை. கீழ் வீடு முடிவு பண்ணுகிறது. அவர்கள் பொறுத்துக்கொள்கிற சத்தத்தில், டிவி சத்தத்தை விடக் குறைவான சத்தத்தில், உங்கள் விரல் என்ன செய்கிறது என்று உங்களுக்குத் தெளிவாகக் கேட்கணும். இன்றைக்கு நான் சொல்லப்போகிற எல்லாமே இந்த ஒரு தேவையில் இருந்து வருவதுதான்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், எனக்குத் தெரிந்தே மூணு நாலு பேர் பேஸ் வாங்கி ஒரு வருஷத்துக்குள் அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார்கள். யாருக்கும் வாசிக்க வராமல் இல்லை. சத்தம் வைத்தால் சண்டை, குறைத்தால் ஒண்ணுமே கேட்கவில்லை. கேட்காத வாத்தியத்தை எத்தனை நாள் பிராக்டிஸ் பண்ணுவீங்க?

சில மாதம் முன்னால் நண்பன் ஒருவன் ஃப்ளாட்டில் உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது மாடி. அவன் ரொம்ப மெதுவாகத்தான் வாசித்துக்கொண்டிருந்தான். ஆம்ப் தரையில் இருந்தது. போனில் டெசிபெல் ஆப் வேற ஓடிக்கொண்டிருந்தது, 50-ஐத் தாண்டவே இல்லை. காலிங் பெல் அடித்தது. கீழ் வீட்டு ஆன்ட்டி. கோபமெல்லாம் இல்லை, நிஜமாகவே சந்தேகத்தோடு கேட்டார்: "தம்பி, உங்க வீட்ல கிரைண்டர் ஓடிக்கிட்டே இருக்காப்பா? ஆஃப் பண்ண மறந்துட்டீங்களோன்னு பாத்தேன்."

அந்த ஆன்ட்டி சொன்னதும் சரி, ஆப் காட்டியதும் சரி. ரெண்டும் எப்படி ஒரே நேரத்தில் சரியாக இருக்க முடியும்? அங்கே இருந்து ஆரம்பிப்போம்.

காது எப்படி ஏமாற்றுகிறது

நாலு கம்பி பேஸில் தடியான கம்பி, ஈ கம்பி, சும்மா தட்டினால் வருவது 41 ஹெர்ட்ஸ். அடுத்தது ஏ, 55. டி 73, ஜி 98. சாதாரண கிடாரின் ஈ கம்பியே 82 ஹெர்ட்ஸ்தான், பேஸ் அதற்கும் ஒரு ஸ்தாயி கீழே.

மனுஷக் காது இந்த ஏரியாவில் ரொம்ப மந்தம். 1933-இல் ஃப்ளெட்சர், மன்சன் என்று இரண்டு பேர் அமெரிக்காவின் பெல் லேப்ஸில் இதை அளந்து வெளியிட்டார்கள். அதற்குப் பிறகு வந்த அளவீடுகளும் சொல்வது அதே விஷயம்தான்: 1000 ஹெர்ட்ஸ் ஒலி 2, 3 டெசிபெல் இருந்தாலே அமைதியான இடத்தில் காதில் விழுந்துவிடும். 40 ஹெர்ட்ஸ் ஒலி காதில் விழவே ஏறக்குறைய 50 டெசிபெல் வேண்டும். அதற்குக் கீழே அது இருக்கும், ஆனால் உங்களுக்கு இல்லை.

இதில் இன்னொரு வில்லங்கமும் இருக்கிறது. அந்த 50-ஐத் தாண்டிவிட்டால், கீழ்ஸ்தாயியில் சத்தம் மளமளவென்று ஏறுகிற மாதிரி காதுக்குத் தோன்றும். நடு ஸ்தாயியில் 10 டெசிபெல் ஏற்றினால் தெரிகிற வித்தியாசத்தை விட, இங்கே 10 டெசிபெல் ஏற்றினால் தெரிகிற வித்தியாசம் பெரிசு. அதனால்தான் பேஸ் ஆம்பில் வால்யூமைக் கொஞ்சம் திருப்பினால் ஒண்ணும் இல்லை, இன்னும் கொஞ்சம், அப்பவும் இல்லை, இன்னும் ஒரு துளி, திடீர்னு ஜன்னல் அதிர்கிறது.

சரி, அந்த டெசிபெல் ஆப்? நம்ம ஊர் ஒலி மாசு விதிகள் 2000-இல் வந்தவை. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவு 10 மணியில் இருந்து காலை 6 வரை 45 என்று அதில் வரம்பு இருக்கிறது. அந்த அளவு "டெசிபெல் ஏ". அந்த "ஏ" என்பது மனுஷக் காது மாதிரி கேட்கிற ஒரு வடிகட்டி. 40 ஹெர்ட்ஸில் அது 34 டெசிபெல்லுக்கு மேல் கழித்துவிடும். உண்மையில் 80 டெசிபெல் இருக்கிற ஒரு 40 ஹெர்ட்ஸ் ஒலியை 45 என்று காட்டும். பல ஆப்களும் இதே வடிகட்டியில்தான் ஓடுகின்றன. போதாக்குறைக்கு, போன் மைக்குக்கே அவ்வளவு கீழே சரியாகக் கேட்காது. ஆனால் கான்கிரீட் தளத்துக்கு அந்த வடிகட்டியெல்லாம் தெரியாது. அது மொத்தத்தையும் வாங்கிக் கீழே அனுப்பிவிடும். நடு ஸ்தாயியும் மேல் ஸ்தாயியும் சுவரில் மாட்டிக்கொள்ளும், கீழ்ஸ்தாயி மட்டும் தாண்டிப் போகும். அதனால்தான் கீழ் வீட்டில் பாட்டு கேட்கவில்லை, கிரைண்டர் கேட்டது.

நடு ஸ்தாயிதான் உங்க ஆளு

இப்போ ஒரு நல்ல செய்தி. 41 ஹெர்ட்ஸை உங்கள் காது கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

போனில் அப்பா பேசுகிறார். ஆண் குரலின் அடிப்படை அதிர்வு 100, 120 ஹெர்ட்ஸை ஒட்டி இருக்கும். பழைய லேண்ட்லைன் போன் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதையும் அனுப்பியதில்லை. ஆனாலும் அப்பா குரல் அப்பா குரலாகத்தான் கேட்டது, யாருக்கும் கீச்சுக்குரலாக மாறவில்லை. எப்படி? ஒரு கம்பியைத் தட்டினால் 41 மட்டும் வருவதில்லை. 82, 123, 164 என்று அதன் மடங்குகளும் கூடவே வரும். அந்த மடங்குகளைக் கேட்டதும் மூளை "அடியில 41 இருக்கணும்"னு தானே நிரப்பிக்கொள்ளும்.

டீக்கடை ரேடியோவை நினைத்துப் பாருங்கள். கையளவு ஸ்பீக்கர். அதில் 'என் இனிய பொன் நிலாவே' ஓடினால் பேஸ் கோடு எங்கே போகிறது என்று உங்களால் கூடவே முணுமுணுக்க முடியும். அந்த ஸ்பீக்கர் கீழ்ஸ்தாயியின் அடிமட்டத்தை எட்டிக்கூடப் பார்த்திருக்காது. ராஜா சார் பாட்டுகளின் பேஸை ஊரே தலைமுறை தலைமுறையாக இப்படித்தான் கேட்டது. அதாவது மூளைதான் பாதி வாசித்தது!

இதை ஆம்ப் விஷயத்துக்குக் கொண்டுவந்தால், 8 இன்ச் ஸ்பீக்கர் வைத்த சின்ன ஆம்ப் 41 ஹெர்ட்ஸை ஒழுங்காகத் தராது. யாராவது "தரும்"னு சொன்னா நம்பாதீங்க. அது தர வேண்டியது மடங்குகளைத்தான், 80-இல் இருந்து ஒரு 1000, 2000 வரைக்கும், சுத்தமாக. விரல் கம்பியில் படுகிற அந்த "டக்", ஃப்ரெட் சரியாக அழுந்தாத "ஸ்ஸ்", ஒரு நோட்டை எங்கே நிறுத்தினீர்கள் என்பது, எல்லாம் அங்கேதான் இருக்கிறது. கீழ் வீட்டுக்குப் போகாத பகுதியும் அதுவேதான். ரெண்டு பேருக்கும் லாபம்.

ஆகவே வீட்டு ஆம்பில் "செம பேஸ் வருது" என்பது பாராட்டே இல்லை. மிட் தனியாக ஒரு நாப் இருக்கிறதா, அதை ஏற்றினால் வாசிப்பு முன்னால் வருகிறதா என்று பாருங்கள். வெறும் பேஸ், ட்ரெபிள் என்று ரெண்டே நாப் இருக்கிற ஆம்பை நான் எடுக்க மாட்டேன். சில ஆம்ப்களில் "கான்டூர்" என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும். அமுக்கினால் மிட் குறைந்து சத்தம் பெரிசாகவும் பளபளப்பாகவும் தோன்றும். கடையில் மயக்குவதற்கு அருமையான ஸ்விட்ச். வீட்டில் அணைத்தே வையுங்கள்.

ரூமும் ஒரு வாத்தியம்

நம்மில் பாதிப் பேர் இருப்பது 10க்கு 10 ரூமில். இந்த ரூமுக்கு பேஸோடு ஒரு தனிப் பகை உண்டு. எதிரெதிர் சுவர்கள் 10 அடி தள்ளி இருந்தால், அவற்றுக்கு இடையே ஓர் ஒலி போய்த் திரும்பி, தன்னோடு தானே கூடிக்கொள்கிற அதிர்வெண் கிட்டத்தட்ட 56 ஹெர்ட்ஸ். ஏ கம்பியைச் சும்மா தட்டினால் 55. ரூம் சதுரமாக இருப்பதால் நீளம், அகலம் இரண்டிலும் இதே கதை. கூரையும் 10 அடி என்றால் மூன்றாவது தடவை. ஏ நோட் மட்டும் "பூம்"னு எழுந்து நிற்கும், பக்கத்து நோட்டுகள் காணாமல் போகும். நிறைய பேர் இதைக் கேட்டுவிட்டு, கிடாரில் கோளாறு என்று கடைக்குத் தூக்கிப் போகிறார்கள். அடுத்த ரூமில் போய் ஒரு தடவை வாசித்துப் பாருங்கள், போதும்.

இதை மோசமாக்குவது மூலை. ஆம்பை மூலையில் வைத்தால் இரண்டு சுவரும் தரையும் சேர்ந்து கீழ்ஸ்தாயியை ஊதிப் பெருக்கும். நம் ஆட்கள் வைக்கிற முதல் இடமே மூலைதான். இடம் மிச்சம் என்று. சுவரை விட்டு இரண்டு மூன்று அடி தள்ளி, ஒரு நாற்காலி மேல் வையுங்கள், அடியில் ஒரு பழைய தலையணை. இதனால் ஆம்பின் பெட்டி நேரடியாகத் தரையை உதைப்பது குறையும், ஸ்பீக்கரும் உங்கள் கணுக்காலைப் பார்க்காமல் காதைப் பார்க்கும். இது பெரிய வித்தியாசம். முழங்காலுக்குக் கேட்கிறதை விடக் காதுக்குக் கேட்டால் வால்யூமைத் தானாகவே குறைப்பீர்கள். தலையணை கீழ்ஸ்தாயியை முழுக்கத் தடுத்துவிடும் என்று மட்டும் நினைக்காதீர்கள். காற்று வழியாகவும் அது தளத்தை அசைக்கும்.

சரி, இப்ப வாட்

வாட் பத்து மடங்கு ஏறினால்தான் சத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்காகக் காதுக்குத் தோன்றும். 15 வாட்டுக்கும் 30 வாட்டுக்கும் வித்தியாசம் 3 டெசிபெல். "கொஞ்சம் கூடியிருக்கு போல"ன்னு சொல்கிற அளவு, அவ்வளவுதான். மோடவுன் பாட்டுகளில் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் கிளப்களில் வைத்திருந்த ஆம்பெக் பி-15, 25, 30 வாட் அளவுதான். அது வால்வு ஆம்ப், ஸ்பீக்கரும் 15 இன்ச் என்பது வேறு விஷயம். ஆனால் 30 வாட்டில் ஒரு கிளப்பில் வேலை பார்க்க முடிந்தது.

என் கணக்கு இது. ஃப்ளாட்டில் தனியாக வாசிக்க 8 இன்ச் ஸ்பீக்கர், 20 முதல் 30 வாட். ஃபென்டர் ரம்பிள் 25, ஆரஞ்சு கிரஷ் பேஸ் 25, ஆம்பெக் ஆர்பி-108, ஹார்ட்கி எச்டி25, எல்லாம் இந்த வகை. கிரஷ் பேஸில் டியூனர் உள்ளேயே இருக்கிறது, ஆரம்பத்தில் அது உண்மையிலேயே உதவும். இதில் எது உங்க ஊர் கடையில் இருக்கிறதோ, எதைத் தொட்டு வாசித்துப் பார்க்க முடிகிறதோ, அதை முதலில் பாருங்கள். தனி வீடு, மொட்டை மாடி ரூம், அக்கூஸ்டிக் கிடாரோடு ஒரு நண்பர் வருவார் என்றால் ரம்பிள் 40 மாதிரி 10 இன்ச்சுக்குப் போகலாம். ஈ கம்பி அதில் இன்னும் திடமாக நிற்கும். 3 இன்ச், 4 இன்ச் ஸ்பீக்கர் வைத்து பேட்டரியில் ஓடுகிற குட்டிப் பெட்டிகள் டிராவலுக்கு அழகு, தினசரிக்கு எனக்குப் பிடிக்கவில்லை. ரொம்ப சீக்கிரம் கரகரத்துவிடுகிறது.

"நாளைக்கு பேண்ட் ஆரம்பிப்போமே, அதுக்கும் சேர்த்து பெருசா வாங்கிடலாமா?" வேண்டாம். டிரம்ஸ் பக்கத்தில் 40 வாட் எடுபடாது. அதற்கு நூறு வாட்டுக்கு மேல் வேண்டும், அந்த ஆம்ப் உங்கள் ஹாலில் முதல் கோட்டைத் தாண்டி ஒருநாளும் திரும்பாது. ஜாம் ரூம்களில் பெரும்பாலும் பெரிய ஆம்ப் இருக்கும், மணிக்கணக்கில் வாடகை. அங்கே வாசியுங்கள்.

ஹெட்போன் ஓட்டை

இது இல்லாத ஆம்பை வாங்காதீர்கள். இதில் மட்டும் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. வேலைக்குப் போகிறவர்களுக்குக் கிடைப்பதே ராத்திரி 10 மணிக்கு மேல்தான். ஹெட்போன் சொருகியதும் ஸ்பீக்கர் தானாக அணைய வேண்டும், அதையும் பாருங்கள். கூடவே ஆக்ஸ் இன்புட், போனில் பாட்டை ஓட்டி அதன் மேல் வாசிக்க. இந்த இரண்டும் இருந்தால் அந்த ஆம்ப் பாதி வாத்தியார்.

ஹெட்போன் வயர் வைத்ததாக இருக்கட்டும். ப்ளூடூத் ஹெட்போனில் வாசிக்க முடியாது. சாதாரண ப்ளூடூத்தில் 0.1, 0.2 செகண்ட் தாமதம் வரும். நிமிஷத்துக்கு 120 தட்டு போகிற பாட்டில், ஒரு தட்டை நாலாகப் பிரித்தால் ஒரு பங்கு 0.125 செகண்ட். அதாவது நீங்கள் தட்டுவது ஒரு பங்கு தள்ளிக் காதில் விழும். தாளம் கற்றுக்கொள்ளப் போய்த் தாளம் கெட்டுவிடும். ஆம்புக்குப் பாட்டை ப்ளூடூத்தில் அனுப்புவது வேறு. பாட்டு மொத்தமாக லேட்டாக வந்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

இங்கே ஒரு நேர்மையான கேள்வி. ராத்திரி மட்டும்தான் வாசிக்கப்போகிறீர்கள், ஹெட்போனில் மட்டும்தான் என்றால், ஆம்ப் எதற்கு? வாக்ஸ் ஆம்பிளக் மாதிரி கிடாரிலேயே சொருகுகிற தீப்பெட்டி சைஸ் சாதனம் இருக்கிறது, பேஸுக்கென்றே ஒரு மாடலும் உண்டு. இரண்டு சின்ன பேட்டரியில் ஓடும். விலையும் ஆம்பில் ஒரு பங்குதான். லேப்டாப்பில் ரெக்கார்ட் பண்ணுகிற ஆள் என்றால் ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்குங்கள். ஜேமர்சனே மோடவுன் ஸ்டூடியோவில் பெரும்பாலும் ஆம்ப் இல்லாமல் நேரடியாக கன்சோலில் சொருகித்தான் ரெக்கார்ட் பண்ணினார். அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. ஆனால் ஹெட்போனில் மட்டுமே பழகியவர்களிடம் ஒன்று கவனித்திருக்கிறேன். கம்பியை விட்டதும் அதை அமைதியாக்கக் கை பழகியிருக்காது. ஸ்பீக்கரில் வாசிக்கும்போது மற்ற கம்பிகளும் சேர்ந்து முனகும், அதை அடக்கக் கை தானாகக் கற்றுக்கொள்ளும். வாரத்தில் இரண்டு நாள் பகலில் அரை மணி நேரம் ஸ்பீக்கரில் வாசிக்க முடியும் என்றாலே ஆம்ப் வாங்குவதற்கு அது போதுமான காரணம்.

ஹோம் தியேட்டரில் சொருகலாமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். கிடாரின் பிக்கப் எதிர்பார்ப்பது ஒரு மெகா ஓம் அளவு இன்புட், ஹோம் தியேட்டரில் இருப்பது அதில் சிறு பங்கு. மேல் ஸ்தாயி செத்துப்போய்ப் போர்வைக்குள் இருந்து வாசிக்கிற மாதிரி வரும். மேலும் அந்த சப்வூஃபர் தரையில் உட்கார்ந்திருக்கிறது. ஆன்ட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தம்பியின் சாதாரண கிடார் ஆம்ப் இருந்தால் மெதுவான வால்யூமில் பரவாயில்லை, புதுசு வாங்கும் வரை ஓட்டலாம். ஏற்றினால் ஸ்பீக்கர் கிழியும்.

கரன்ட்

ஆம்ப் ஆன் பண்ணியதும் "ம்ம்ம்" என்று ஒரு முனகல். நம்ம கரன்ட் 50 ஹெர்ட்ஸ். பேஸில் ஈ கம்பியின் மூன்றாவது ஃப்ரெட், ஜி நோட், 49 ஹெர்ட்ஸ். அந்த முனகலின் அடுத்த மடங்கு 100, உங்கள் ஜி கம்பி 98. அதாவது வீட்டு கரன்ட் நாள் முழுக்கக் கொஞ்சம் ஏறின ஜி-யில் தம்புரா போட்டுக்கொண்டே இருக்கிறது. ஜி-யில் இருக்கிற பாட்டை வாசித்தால் சுருதி சேராத எரிச்சல் வருவதற்கு இதுவும் காரணம்.

ஜாஸ் பேஸ் வகைக் கிடார் என்றால் இரண்டு பிக்கப் வால்யூமையும் முழுதாகத் திறந்து வையுங்கள், ஒன்றின் முனகலை மற்றொன்று அடித்துவிடும். அப்படியும் போகவில்லை, கம்பியில் கை வைத்தால் குறைகிறது, எடுத்தால் ஏறுகிறது என்றால் பிளக் பாயின்ட்டைப் பாருங்கள். பழைய வாடகை வீடுகளில் மூணு ஓட்டை இருக்கும், மூணாவது ஓட்டைக்குப் பின்னால் எர்த் வயரே இருக்காது. இது சத்தப் பிரச்சினை மட்டும் இல்லை. பேஸின் உலோகக் கம்பிகள் கேபிள் வழியாக ஆம்பின் எர்த்தோடு சேர்ந்திருக்கின்றன. கம்பியைத் தொட்டால் லேசாகச் சுள்ளென்று இழுக்கிறதா, உடனே நிறுத்துங்கள். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் பார்க்கச் சொல்லுங்கள், பிறகு வாசிக்கலாம். மூணு பின் பிளக்கை இரண்டு பின் அடாப்டரில் சொருகி ஓட்டுவது அறவே வேண்டாம்.

கரன்ட் கட் ஆகி இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் "ஜ்ஜ்ஜ்" என்று கூடுதல் இரைச்சல் வந்தால், அது சதுர அலை இன்வெர்ட்டரின் வேலை. ஆம்பில் குறை இல்லை.

இன்னொன்று. அமெரிக்காவில் இருந்து அண்ணன் வரும்போது கொண்டு வருகிறேன் என்கிறாரா? ஆம்பின் பின்பக்கம் 120 வோல்ட் என்று மட்டும் எழுதியிருந்தால் நம் 230-இல் சொருகிய அடுத்த நொடி புகை. செகண்ட் ஹேண்டிலும் இதைத்தான் நான் முதலில் பார்ப்பேன், ஸ்பீக்கரையெல்லாம் அப்புறம்.

கடையில்

அண்ணா சாலை மியூசி மியூசிகல் மாதிரிப் பெரிய கடையோ, உங்க ஏரியாவில் சின்னக் கடையோ, உங்கள் சொந்த பேஸையும் ஹெட்போனையும் கொண்டு போங்கள். கடையில் இருக்கிற அண்ணன் நன்றாக வாசிப்பவராக இருப்பார். அவர் ஸ்லாப் அடித்துக் காட்டினால் எந்த ஆம்பும் சூப்பராகத்தான் கேட்கும். "அண்ணா, நானே கொஞ்சம் வாசிச்சுப் பாக்குறேன்"னு வாங்கிக்கொள்ளுங்கள்.

எல்லா நாப்பையும் நடுவில் வையுங்கள். வால்யூமை, நீங்களும் அவரும் குரல் உயர்த்தாமல் பேச முடிகிற அளவுக்கு மட்டும் திறங்கள். இந்த அளவில் வாசிக்கத்தான் வாங்குகிறீர்கள். இப்போது ஈ கம்பியில் ஒவ்வொரு ஃப்ரெட்டாக, ஒரே பலத்தில், 12 வரைக்கும் மெதுவாக ஏறுங்கள். எல்லா நோட்டும் ஏறக்குறைய ஒரே அளவில் கேட்கிறதா? ஏதாவது ஒன்றில் பெட்டியோ கிரில்லோ கடகடக்கிறதா? வேண்டுமென்றே ஒரு நோட்டைச் சரியாக அழுத்தாமல் தட்டுங்கள். அந்தத் தப்பு அப்பட்டமாகக் கேட்டால் நல்ல ஆம்ப். தப்பை மூடி மறைக்கிற ஆம்ப் கடையில் இனிக்கும். பிறகு ஹெட்போனைச் சொருகி, எதுவும் வாசிக்காமல் பத்து செகண்ட் கேளுங்கள். "ஸ்ஸ்ஸ்" என்கிற இரைச்சல் இப்போதே தொந்தரவாக இருந்தால், ராத்திரி பதினொரு மணிக்கு இன்னும் தொந்தரவாக இருக்கும். கடை ஏசி சத்தம் வேறு இப்போது உங்களைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

வாங்கி வந்த முதல் ஞாயிறு, பகலில், கீழ் வீட்டுக்குப் போங்கள். பெல் அடித்து, "ஆன்ட்டி, புதுசா ஒரு வாத்தியம் வாங்கியிருக்கேன். உங்க வீட்ல எவ்வளவு கேக்குதுன்னு ரெண்டு நிமிஷம் நின்னு பாக்கலாமா?"ன்னு கேளுங்கள். மேலே நண்பனையோ தங்கையையோ ஈ கம்பியையும் ஏ கம்பியையும் தட்டச் சொல்லுங்கள். போனில் அவர்களோடு பேசிக்கொண்டே வால்யூமை ஏற்றச் சொல்லுங்கள். கீழே கேட்க ஆரம்பிக்கிற இடத்தில் நிறுத்தி, அதற்குக் கொஞ்சம் முன்னால் இறக்கி, நாப் பக்கத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு பேஸ் நாப்பைக் கால்வாசி குறைத்து, மிட்டைக் கால்வாசி ஏற்றி, அதே பரிசோதனையை இன்னொரு தடவை செய்யுங்கள். டேப்பைக் கொஞ்சம் மேலே நகர்த்தி ஒட்ட முடியும், பாருங்கள்.